தொலைக்காட்சியை வாசித்தவர்: சியோல், யோங்கின், குவாச்சன்

புதன், சியோல்

நாம்ஜூன் பைக் ஓர் இசைக்காரர். ‘வீடியோ கலையின் தந்தை’ என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்கிறார்கள். வீடியோ தொகுப்பைத் தொழிலாகக் கொண்ட நானும் அந்தப் பட்டத்தைக் கேட்டுத்தான் அவரிடம் போனேன். படிக்கப் படிக்க வேறொரு மனிதர் தெரிந்தார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய ஆய்வேடு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசையைப் பற்றியது. 1956இல் ஜெர்மனிக்குக் கப்பலேறியது இசை படிக்கத்தான். 1958இல் டார்ம்ஸ்டாட் நகரின் கோடைகால இசைப் பட்டறையில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜைச் சந்தித்தார். கொலோன் வானொலியின் மின்னணு இசைக்கூடம் இயங்கிவந்த சூழலில்தான் அவர் தொழில் கற்றார். பியானோவில் தொடங்கியவர் எப்படித் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் கைவைத்தார் என்பதை அவருடைய ஊரிலேயே பார்த்துவிட வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

காலையில் தொங்தேமுன் நிலையத்தில் இறங்கி சாங்சின்தொங் மேட்டில் ஏறினேன். அவர் வளர்ந்த பகுதி இது. செங்குத்தான சந்துகள். திறந்த கதவுகளுக்குள் தையல் இயந்திரங்கள் ஓடுகின்றன, இஸ்திரிப் பெட்டிகளிலிருந்து நீராவி எழுகிறது. துணிப் பொதிகளைப் பின்னால் கட்டிய மோட்டார் சைக்கிள்கள் தொங்தேமுன் சந்தைக்கும் இங்குமாகப் பறக்கின்றன. நாம்ஜூனின் தந்தையும் துணித் தொழில் செய்தவர்தான், ஆனால் பெரும் செல்வந்தர். வீட்டில் பியானோ இருந்தது; பதின்ம வயதிலேயே பையனுக்கு ஷோன்பெர்க் பைத்தியம் பிடித்துவிட்டது. 1950இல் போர் வந்ததும் குடும்பம் ஊரைவிட்டு ஓடியது. அதன்பின் 34 ஆண்டுகள் கழித்து, 1984இல்தான் அவர் கொரியாவுக்குத் திரும்பினார்.

மதியம் சூவோனில் ஆராய்ச்சி செய்யும் தோழி வந்து சேர்ந்துகொண்டாள். பொருளறிவியல் படித்தவள், என்னைவிட இளையவள். இருவரும் சொங்கேசொன் ஓடைக் கரையோடு மேற்கே நடந்து சேவுன் வணிக வளாகத்துக்குப் போனோம். கிம் சூ-கன் வடிவமைத்து 1968இல் திறக்கப்பட்ட நீண்ட கான்கிரீட் கட்டடம். மின்னணு உதிரிப் பாகங்களுக்குப் பேர்போன இடம். கண்டென்சர்கள், ஒலிபெருக்கிக் கூம்புகள், கண்காணிப்புக் கேமராக்கள், பழைய ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாம் சிறு சிறு கடைகளில் கூரை முட்ட அடுக்கியிருக்கின்றன.

கலையைத் தேடி வந்தவள் உதிரிப் பாகக் கடையில் என்ன செய்கிறாள் என்று தோழி நினைத்திருக்கலாம். இங்கே வராமல் நாம்ஜூனைப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் நம்புகிறேன். 1980களின் கடைசியிலிருந்து அவருடைய பெரும் படைப்புகளை நிறுவி ஓடவைத்தவர் லீ ஜங்-சங் என்ற கொரியத் தொலைக்காட்சித் தொழில்நுட்பர். இந்த மின்னணுக் கடைவீதிகளில் உருவான திறமை அது. அதற்கு முன்பு, ஜப்பானியப் பொறியாளர் ஷூயா அபே. 1969, 70 வாக்கில் அவரும் நாம்ஜூனும் சேர்ந்து உருவாக்கிய வீடியோ சின்தசைசர், கேமராக்களிலிருந்து வரும் படங்களை அந்தக் கணத்திலேயே வளைக்கும், நிறம் மாற்றும், ஒன்றின் மேல் ஒன்றைப் படரவிடும். பியானோவில் சுரங்களைக் கலப்பதுபோல் விரலால் படங்களைக் கலக்க ஒரு கருவி. 1970 ஆகஸ்ட் 1 அன்று பாஸ்டன் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து நான்கு மணி நேரம் அதை நேரலையில் இயக்கினார்கள். தினமும் கணினியில் அடுக்கடுக்காகப் படம் கலக்கும் எனக்கு, அந்த நான்கு மணி நேரத்தை நினைத்தால் கை பரபரக்கிறது. திரும்பப்பெறும் பொத்தான் கிடையாது. கச்சேரி நடக்கிறது, அவ்வளவுதான்.

வியாழன், யோங்கின்

சியோலிலிருந்து சுஇன்–புந்தாங் ரயிலில் தெற்கே வந்து கிஹுங் நிலையத்தில் இறங்கினோம். அடுக்குமாடிக் கட்டடங்கள் தாண்டி, ஒரு சிறு குன்றின் சரிவில் நாம்ஜூன் பைக் கலை மையம். 2008இல் திறந்தார்கள். அவர் 2006லேயே மறைந்துவிட்டார், ஆனால் இதற்கு ‘நாம்ஜூன் பைக் நெடுநாள் வாழும் வீடு’ என்று பெயர் சொன்னவர் அவர்தான். கிர்ஸ்டன் ஷேமல், மரினா ஸ்டான்கோவிச் என்ற இருவர் வடிவமைத்தது. வளைந்து போகும் கண்ணாடிச் சுவர் கிராண்ட் பியானோவின் வெளிக்கோட்டை நினைவூட்டும்.

உள்ளே போனதும் ‘டிவி தோட்டம்’. 1974இல் முதலில் செய்தது. இருட்டில் அடர்ந்த செடிகள், நிஜமான செடிகள். இலைகளுக்கு நடுவே மேல்நோக்கிக் கிடக்கும் தொலைக்காட்சிப் பெட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடுகிறது: 1973இல் நியூயார்க் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் அவர் ஜான் காட்ஃப்ரேயுடன் செய்த ‘குளோபல் குரூவ்’. ராக் பாட்டுக்கு ஆடும் அமெரிக்க நடனக்காரர்கள், கொரிய நடனம், பழங்குடி முரசு, ஜப்பானிய விளம்பரம், கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க், ஜான் கேஜ். எதையும் எதற்கும் கீழே வைக்காத வரிசை. நிறம் திடீரென்று கொப்பளித்துப் பொங்கும், உருவம் கரைந்து கோடாகும்.

அரை மணி நேரத்துக்கும் குறைவான அந்த வீடியோவை நான் இணையத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். இங்கே அது வேறொன்றாக இருக்கிறது. ஒரு பெட்டியில் முகம் தெரிகிறது. பக்கத்துப் பெட்டியில் அதே முகத்தை இலை பாதி மறைக்கிறது. மூன்றாவது பெட்டியின் வெளிச்சம் மட்டும் மேலே உள்ள பெரிய இலையின் அடிப்பக்கத்தில் சிவந்து, நீலமாகி, அணைகிறது. வெட்டும் இடங்களைத் தோட்டம் முழுவதும் ஒரே தாளத்தில் உணர முடிகிறது. தொகுப்பு என்பது கண்ணுக்கான தாளம் என்று என் ஆசிரியர் சொல்வார். அதை உடம்பால் உணர்ந்த இடம் இதுதான். நீர் ஊற்றவேண்டிய செடிகளும் நீர் படக்கூடாத மின்பெட்டிகளும் ஒரே தரையில். இதைப் பராமரிப்பவர்களுக்கு என் வணக்கம்.

அங்கிருந்து ஷார்லட் மூர்மன். ஜூலியார்டில் முறையாகச் செல்லோ பயின்றவர். 1964இல் நாம்ஜூன் நியூயார்க் வந்த பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவருடைய படைப்புகளை உலகம் முழுக்க நிகழ்த்தியவர். 1971இல் உருவான ‘டிவி செல்லோ’ அவருக்காகவே செய்தது: கண்ணாடிபோல் ஒளிபுகும் பெட்டிகளுக்குள் மூன்று மானிட்டர்கள், ஒன்றன் மேல் ஒன்று, முன்னால் கம்பிகள். மூர்மன் அதை முழங்கால்களுக்கு இடையில் பிடித்து வில்லை இழுப்பார். அவர் வாசிப்பதை ஒரு கேமரா பிடித்து அதே செல்லோவின் திரையில் காட்டும். வரும் ஒலி செல்லோவின் நாதம் இல்லை; கரகரக்கும் மின்னொலி. சிற்பமா, இசைக்கருவியா, தொலைக்காட்சியா, நாடகமா என்று கேட்டால் எல்லாம்தான். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். முதுகு நிமிர்ந்து, வில் பிடித்த மணிக்கட்டு தளர்ந்து, கச்சேரி மேடையில் பாக்கின் இசையை வாசிக்கும் அதே கவனம். அந்த ஒழுங்கு இல்லையென்றால் இது வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும்.

1967 பிப்ரவரி 9 அன்று நியூயார்க்கில் நாம்ஜூனின் ஓர் இசை நிகழ்வில் மேலாடை இல்லாமல் செல்லோ வாசித்ததற்காக மூர்மனைக் கைதுசெய்தார்கள். தீர்ப்பும் அவர் மீதுதான் வந்தது. யோசனை சொன்னவர் இசையமைப்பாளர், பழி சுமந்தவர் வாசித்தவர். வீடியோ கலையின் வரலாற்றை எழுதும்போது அவருக்கு ‘உடன் பங்கேற்றவர்’ என்று ஒரு வரி மட்டும் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வாசிப்பவர் இல்லாமல் எந்தக் கருவியும் ஒரு மரச்சாமான்தானே?

மாடியில் தொடக்க காலப் பெட்டிகளைப் பற்றித் தோழியோடு நெடுநேரம் பேசினேன். 1963 மார்ச்சில் ஊப்பர்டால் நகரின் பர்னாஸ் கேலரியில் நாம்ஜூன் நடத்திய முதல் தனிக் கண்காட்சியின் பெயரே ‘இசைக் கண்காட்சி – மின்னணுத் தொலைக்காட்சி’. பத்து நாட்கள் மட்டும். ஒளிபரப்பு இருக்கும் மாலை வேளையில் மட்டும். வாசலில் புதிதாக வெட்டிய மாட்டுத் தலை தொங்கியது. உள்ளே மாற்றியமைத்த பியானோக்கள். அதிலொன்றை ஜெர்மானியக் கலைஞர் யோசஃப் பாய்ஸ் கோடரியால் உடைத்துப்போட்டார். அதே வீட்டில், சுற்றுகளைப் பிரித்துப் போட்ட பழைய தொலைக்காட்சிகள். ஒன்றில் மைக்கில் பேசினால் திரையில் புள்ளிகள் வெடித்துப் பரவும். ஒன்றில் வானொலியின் ஒலி கூடக் கூட நடுவிலுள்ள ஒளிப்புள்ளி பெரிதாகும். வழியில் பழுதாகி ஒரே ஒரு கோடு மட்டும் தெரிந்த பெட்டியை அவர் தூக்கி எறியவில்லை. பக்கவாட்டில் சாய்த்து, கோட்டை நிமிர்த்தி, ‘தொலைக்காட்சிக்கான ஜென்’ என்று பெயரிட்டு வைத்தார்.

அங்கே கேமராவே இல்லை என்பது முக்கியம். பிக்சர் டியூபின் பின்னாலிருந்து எலக்ட்ரான் கற்றை பாய்ந்து வந்து முன்கண்ணாடியின் உட்புறத்தில் பூசிய பாஸ்பரை ஒளிரவைக்கிறது. கழுத்தில் சுற்றிய கம்பிச்சுருள்களின் காந்தப்புலம்தான் கற்றையை இடம் வலமாக, மேல் கீழாக இழுத்துக் கோடு கோடாகப் படம் வரைகிறது. வெளியிலிருந்து இன்னொரு காந்தத்தைக் கொண்டுபோனால் கற்றை வழி மாறும். 1965இல் நாம்ஜூன் ஒரு பெரிய காந்தத்தைப் பெட்டியின் மேலே வைத்தார். ஒளிபரப்பான படம் பூவிதழ்போல் சுருண்டது. காந்தத்தை நகர்த்தினால் இதழ் நகரும். எங்கோ ஒரு நிலையத்திலிருந்து அனுப்பியதைச் சும்மா வாங்கிக்கொண்டிருந்த பெட்டியை, கையால் மீட்டும்படி ஆக்கிவிட்டார்.

“அக்கா, எங்கள் வீட்டில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை டிவி பக்கத்தில் வைத்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்” என்றாள் தோழி. எங்கள் தலைமுறையில் இதைச் செய்யாத வீடே இருந்திருக்காது. திரையின் மூலையில் பச்சையும் ஊதாவுமாக ஒரு கறை மாதக்கணக்கில் நிற்கும்.

நடனம் பற்றி நிறைய எழுத ஆசை, நேரமில்லை. நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் படமெடுப்பவரான சார்ல்ஸ் அட்லஸும் 1970களின் நடுவில் நீலத் திரையை வைத்து, இடத்தைவிட்டு இடம் தாவும் நடனத்தைக் கேமராவுக்கென்றே அமைத்தார்கள். அதை நாம்ஜூன் பிறகு தன் வீடியோவில் சேர்த்துக்கொண்டார். ‘டிவி மீன்’ என்ற படைப்பில் மீன்தொட்டிகளுக்குப் பின்னால் மானிட்டர்கள். கன்னிங்ஹாம் ஆடுகிறார், அவர் கைக்குக் குறுக்கே உயிருள்ள மீன் நீந்திப் போகிறது. யார் யாருக்கு ஜதி சொல்கிறார்கள் என்று தெரியாது.

‘டிவி புத்தர்’ முன்னால் ஏமாற்றம் வரும் என்று நினைத்திருந்தேன், அத்தனை புகைப்படங்கள் பார்த்தாயிற்று. வரவில்லை. புத்தர் சிலை, எதிரே ஒரு மானிட்டர், அதன் அருகில் சிலையைப் பார்க்கும் கேமரா. புத்தர் தன்னையே நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறார். படத்தில் எதுவும் நடப்பதில்லை, ஆனால் அது நின்றுபோன படமும் இல்லை. தோழி குனிந்து பின்னால் போனதும் அவள் துப்பட்டாவின் ஓரம் திரையில் வந்துபோனது. ஒரு பத்து நிமிடம் அங்கேயே நின்றோம்.

வெள்ளி, குவாச்சன்

நான்காம் வழித்தட ரயிலில் சியோல் கிராண்ட் பார்க் நிலையம், அங்கிருந்து மலையடிவாரத்தில் தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தின் குவாச்சன் கிளை. 1986இல் திறந்த கல் கட்டடம். உள்ளே நடுக்கூடத்தில், வட்டமாக ஏறிச்செல்லும் சாய்தளத்தின் நடுவே நிற்கிறது ‘தாதாயிக்சன்’. கூடக் கூட நல்லது என்று பொருள். 18.5 மீட்டர் உயரக் கோபுரம், 1003 தொலைக்காட்சிகள். கொரியா பிறந்ததாகக் கொண்டாடும் அக்டோபர் 3ஆம் தேதியைக் குறிக்கும் எண் அது. 1988 செப்டம்பர் 15 அன்று, சியோல் ஒலிம்பிக்ஸுக்கு இரண்டு நாள் முன்பு அதற்கு ஒளியேற்றினார்கள். மேலே போகப் போகப் பெட்டிகள் சிறிதாகின்றன.

குழாய்களின் ஆயுளைக் காக்க, குறிப்பிட்ட நேரம் மட்டும்தான் இயக்குகிறார்கள். நாங்கள் முன்கூட்டியே வந்து கீழே காத்திருந்தோம். பள்ளிக் குழந்தைகள் ஒரு வரிசையாக வந்து தரையில் உட்கார்ந்தார்கள். விளக்கேற்றியதும் கீழ்த்தட்டிலிருந்து உச்சிவரை படம் பரவியது. சியோலின் பழைய வாயில்கள், முகமூடி, நடனம், வேகமாக மாறும் வடிவங்கள். குழந்தைகள் கூச்சலிட்டார்கள். அவர்கள் வீட்டில் இப்படிப்பட்ட பெட்டி எதுவும் இருந்திருக்காது.

இந்தக் கோபுரம் 2018 பிப்ரவரியில் அணைக்கப்பட்டது. மின் பாதுகாப்புச் சிக்கல், முதுமையடைந்த குழாய்கள். பிக்சர் டியூப் செய்யும் தொழிலே போய்விட்ட காலத்தில் 1003 பெட்டிகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் தட்டைத் திரைகளாக மாற்றுவோம் என்றார்கள் சிலர். செத்தது செத்ததாகவே நிற்கட்டும் என்றார்கள் வேறு சிலர். கடைசியில் 737 பெட்டிகளைப் பழுதுபார்த்தும், பழைய குழாய்களைத் தேடி வாங்கிப் பொருத்தியும் காப்பாற்றினார்கள். உச்சியிலுள்ள 266 சிறிய பெட்டிகளுக்கு மட்டும், வெளித்தோற்றத்தை அப்படியே வைத்து உள்ளே எல்சிடி. 2022 செப்டம்பர் 15 அன்று, முதலில் ஏற்றி 34 ஆண்டுகள் கழித்து, மீண்டும் ஏற்றினார்கள்.

சாய்தளத்தில் மெல்ல ஏறிக்கொண்டே பார்த்தேன். கீழ்த்தட்டுகளில் கண்ணாடி சற்றே புடைத்திருக்கிறது, ஒளி உள்ளிருந்து துடிக்கிறது, ஒரு பெட்டியின் சிவப்பும் பக்கத்துப் பெட்டியின் சிவப்பும் ஒன்றாக இல்லை. மேல்தட்டுகளில் ஒளி சமமாக, அமைதியாக இருக்கிறது. வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது.

தோழிக்கு இதில் சமாதானம் இல்லை. “பாஸ்பர் ஒளிர்ந்து அணையும் வேகம், அதன் நிறம், இதெல்லாம் அந்தப் பொருளின் குணம். பொருளை மாற்றினால் படைப்பையே மாற்றியதாகத்தான் ஆகும்” என்றாள். அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் பலரும் இப்படித்தான் கவலைப்படுவார்கள். நியாயமான கவலை.

நான் இசையின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். தியாகராஜர் மீட்டிய தம்புரா இல்லாமல் அவர் கீர்த்தனையைப் பாடக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை. பாடமும் தாளமும் கைமாறி வந்துவிட்டால் கீர்த்தனை உயிரோடு இருக்கிறது. நாம்ஜூன் படைப்புகளை அந்த மாதிரிதான் செய்தார். ‘டிவி புத்தர்’ பல வடிவங்களில் இருக்கிறது, ‘டிவி தோட்டம்’ போகும் ஊரிலெல்லாம் வேறு செடிகளோடு முளைக்கிறது. மாறாமல் இருக்கவேண்டியது எது, மாறலாம் என்பது எது என்ற பிரிப்பு அவர் வேலைக்குள்ளேயே இருக்கிறது. அதற்காகக் குழாய்களை இன்றே தூக்கியெறியவும் கூடாது. கிடைக்கும்வரை தேடிப் பொருத்தவேண்டும். கிடைக்காத நாளில் அடுத்த கருவியில் வாசிக்கவேண்டும். அணைத்துவைத்து மரியாதை செய்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வகையில் 737, 266 என்ற இந்தப் பங்கீடு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

சாய்தளத்தின் உச்சியில் இன்னொன்றும் தோன்றியது. 1984 ஜனவரி 1 அன்று நியூயார்க்கையும் பாரிஸையும் செயற்கைக்கோளால் இணைத்து, ‘குட் மார்னிங் மிஸ்டர் ஆர்வெல்’ என்ற நேரலையை அவர் நடத்தினார். கேஜ், கன்னிங்ஹாம், மூர்மன், பாய்ஸ், கின்ஸ்பெர்க், லாரி ஆண்டர்சன், பீட்டர் கேப்ரியல் எல்லோரும் அதில் இருந்தார்கள். இணைப்பு இடையிடையே தடுமாறியது, நிகழ்ச்சி தொடர்ந்தது. கண்டம் விட்டுக் கண்டம் ஒரே தாளத்தில் சேர்ந்து வாசிக்கும் ஆசை. கொரியா அவரைத் தன் பிள்ளையாக மீண்டும் அழைத்தது அந்த ஆண்டில்தான். நான்கே ஆண்டுகளில் இந்தக் கோபுரம்.

சனி, கங்னம்

போங்கன்சா பௌத்த ஆலயம். 794இல் தொடங்கியது என்கிறார்கள். நாம்ஜூனின் அஸ்தியின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. 2006 ஜனவரி 29இல் அவர் மயாமியில் இறந்தபோது, நியூயார்க்கில் நடந்த இறுதிச் சடங்கில் வந்தவர்கள் கத்தரிக்கோலால் ஒருவர் டையை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். 1960இல் ஒரு நிகழ்வின் நடுவே அவர் ஜான் கேஜின் டையை வெட்டியதற்கான அஞ்சலி. துக்கத்தையும் ஒரு நிகழ்த்துகலையாகச் செய்துமுடிக்கும் நண்பர்கள் அவருக்கு வாய்த்திருந்தார்கள்.

சாலைக்கு அப்பால் கோஎக்ஸ் வளாகத்தில், கட்டட மூலையை வளைத்து நிற்கும் மாபெரும் எல்இடி திரை. 2020இல் கண்ணாடித் தொட்டிக்குள் அலை மோதுவதுபோல் இங்கே காட்டிய வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அபாரமான தொழில்நுட்பம். அண்ணாந்து பார்க்கிறோம், வியக்கிறோம், நகர்கிறோம். காந்தத்தை எடுத்துக்கொண்டு யாரும் அதன் அருகே போக முடியாது. சாங்சின்தொங் பையன் எதை உடைக்கப் புறப்பட்டாரோ, அந்த ஒருவழிப் பாதை இன்னும் பெரிதாகத் திரும்பி வந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அலையைப் பற்றிப் பேசும்போது ஷிகேகோ குபோட்டாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜப்பானில் பிறந்தவர், நாம்ஜூனின் மனைவி, 1996இல் அவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு கடைசிவரை பார்த்துக்கொண்டவர். இவ்வளவும் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அவர் தன்னளவில் பெரிய வீடியோ சிற்பி என்பதுதான் சின்ன எழுத்தில் கிடக்கிறது. மரப் படிக்கட்டின் ஒவ்வொரு படியிலும் மானிட்டரைப் பதித்து, படியிறங்கும் பெண்ணை மார்செல் துஷாம்ப் வரைந்த ஓவியத்துக்கு 1975, 76இல் பதில் சொன்னார். படியிறங்கும் பெண் அங்கே கோடுகளாகச் சிதறாமல், நிறமும் காலமுமாக இறங்கி வருகிறாள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கிய முதல் வீடியோ சிற்பங்களுள் ஒன்று அது. ‘நதி’ என்ற படைப்பில் மானிட்டர்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். கீழே எஃகுத் தொட்டியில் மோட்டாரால் அலையும் தண்ணீர். திரையை நாம் நேராகப் பார்ப்பதில்லை. தண்ணீரில் உடைந்து சேரும் அதன் பிம்பத்தைப் பார்க்கிறோம். நாம்ஜூன் தொலைக்காட்சியை வாத்தியமாக்கினார் என்றால், குபோட்டா அதைத் தண்ணீருக்குள் இறக்கி இன்னொரு சுருதி சேர்த்தார்.

2021இல் அதே நியூயார்க் அருங்காட்சியகம் குபோட்டாவுக்குத் தனிக் கண்காட்சி நடத்தியபோது அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. யோங்கினில் கணவருக்கு இருப்பதுபோல் அவருக்கும் ஒரு வீடு வேண்டும் என்று தோழியிடம் சொன்னேன். அவள் உடனே கைப்பேசியில் தேட ஆரம்பித்துவிட்டாள்: குபோட்டா பிறந்த நீகாட்டாவுக்கு இங்கிருந்து விமானம் எப்போது, டோக்கியோ வழியாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று.